குடியை விட்ட பிறகு ஏறும் எடை: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

குடியை நிறுத்தி இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் சட்டையை வயிற்றுப் பக்கம் இழுத்துக் காட்டி, “அண்ணே, குடிச்சப்பகூட இப்படி இல்லை” என்பார்கள். உண்மைதான், பலருக்கு எடை ஏறுகிறது. அதைச் சரிசெய்யவும் முடியும். ஆனால் வரிசை மாறிப்போனால் எடையும் குறையாது, குடியும் திரும்பி வந்துவிடும். குடியை விட்ட கையோடு ‘டயட்’ என்று பட்டினி கிடந்து, அந்தப் பசியிலேயே கடை வாசலில் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ளதை எண் வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு படி நிலைப்படும் முன் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

1. நிறுத்துவது பாதுகாப்பாக நடக்கட்டும்

தினமும் குடித்தவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தானாக நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் கடும் நடுக்கம், காய்ச்சல், குழப்பம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். இதில் உயிர் போவதும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 அல்லது 14416 எண்ணுக்குப் பேசுங்கள்.

எடையைப் பற்றிய வழிகாட்டியில் இது எதற்கு என்று தோன்றலாம். காரணம் உணவுதான். நீண்ட நாள் குடித்த உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடம்பு எரிக்க அது வேண்டும். அது இல்லாத நிலையில் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம் என்பதால்தான் வழக்கமாகத் தயாமின் ஊசியை முதலில் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை அந்த மாத்திரையை விடாதீர்கள். “சத்து மாத்திரைதானே” என்று முதலில் நிறுத்தப்படுவது இதுதான்.

ஒரு வாரத்துக்கும் மேலாகச் சரியாகச் சாப்பிடாமல் குடித்தே கிடந்தவருக்கு, தேற்றுகிறோம் என்று முதல் நாளே பிரியாணி கொடுக்கக் கூடாது. வெறுமையாகக் கிடந்த உடம்பில் திடீரென்று உணவு ஏறும்போது ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். அப்படிப்பட்டவருக்குச் சாப்பாடு மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஒரு தையல் டேப், ஒரு நோட்டு, வாரம் ஒருமுறை எடை பார்க்க ஓர் இடம். வீட்டில் எடை மெஷின் வாங்க வேண்டிய அவசியமில்லை. இருந்தால் தினமும் ஏறி நிற்கத் தோன்றும், தினமும் மனம் கெடும்.

பரிசோதனைகளில் கல்லீரல் செயல்பாடு, வயிற்று ஸ்கேன், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள். பின்னால் எடை கூடும்போது அது சாப்பாட்டாலா, தைராய்டாலா, மாத்திரையாலா என்று ஒப்பிட ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அது இல்லாதவர்கள் ஆறு மாதம் கழித்து இருட்டில் தடவுகிறார்கள்.

இடுப்பளவை ஒரே முறையில் எடுங்கள். காலையில், வெறும் வயிற்றில், நின்றபடி, மூச்சை விட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் போக வேண்டும். பெல்ட் போடும் இடம் கணக்கில்லை. தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறக்கிப் போட்டுக்கொண்டு பத்து வருடமாக அதே சைஸ் என்று சொல்பவர்கள் நிறைய. நம்மூர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லைக்கோடு. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன்.

3. ஏறியிருப்பது என்ன என்று பிரித்துப் பாருங்கள்

எல்லோரும் தவறவிடும் படி இது. எடை மெஷினில் 4 கிலோ கூடியிருந்தால் அது நான்கு விதமாக இருக்கலாம்.

முதலாவது, இழந்ததை உடம்பு திரும்பப் பெறுவது. குடித்த காலத்தில் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, கைகால் வற்றிப்போனவருக்கு எடை கூடுவதே சிகிச்சை. பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருந்தவர் இந்தக் கட்டுரையின் குறைக்கும் பகுதியைப் படிக்கவே வேண்டாம். 4-ஆம் படியையும் 8-ஆம் படியையும் மட்டும் எடுத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிடட்டும்.

இரண்டாவது, நீர். காலில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திவிட்டு எடுங்கள். தோல் உடனே நிமிர்ந்தால் சரி. விரல் பதிந்த இடம் குழியாகவே நின்று, மெல்ல மெல்ல மேலே வந்தால் அது நீர்க்கோர்வை. குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் லேசான கணுக்கால் வீக்கம் வந்து தானே வடிவதுண்டு. ஆனால் குழி விழுவது நீடித்தாலோ, சில நாட்களிலேயே 2 கிலோ ஏறினாலோ, கைகால் மெலிந்திருக்க வயிறு மட்டும் இறுகிப் பெருத்தாலோ, கண் மஞ்சளானாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அது தொப்பை அல்ல. வயிற்றுக்குள் நீர் கோர்க்கும் மகோதரமாக இருக்கலாம், இதயத்தின் கோளாறாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். ரத்த வாந்தியோ தார் போன்ற கருப்பு மலமோ வந்தால் 108-ஐ அழையுங்கள். இந்த நிலையில் நடைப்பயிற்சியும் கொள்ளுப் பயறும் எடையைக் குறைக்கும் என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

மூன்றாவது மருந்தால் வருவது. அதை 7-ஆம் படியில் பார்ப்போம். நான்காவதுதான் கொழுப்பு.

4. முதல் மூன்று மாதம் அளவைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் கட்டுங்கள்

குடி நின்றதும் பசி பொங்கும். இரைப்பைப் புண் ஆறுகிறது, நாக்குக்கு ருசி திரும்புகிறது, குடல் சத்தை ஒழுங்காக உறிஞ்சத் தொடங்குகிறது. இது நல்ல செய்தி. சிக்கல் என்னவென்றால், பல வருடம் பசியைக் குடியால் அடக்கிய உடம்புக்குப் பசி எது, குடிக்கும் ஆசை எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டும் ஒரே படபடப்பாகத்தான் வரும். பசியைத் தீர்த்துவிட்டால் ஆசையில் பாதி அடங்கிவிடும். குடிநோயிலிருந்து மீண்டவர்கள் உலகெங்கும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நான்கு எச்சரிக்கைகளில் பசிதான் முதலில் வருகிறது. கோபமும் தனிமையும் களைப்பும் அதற்கு அடுத்துத்தான்.

ஆகவே முதல் வேலை, நாளுக்கு மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு தீனி, எல்லாம் குறித்த நேரத்தில். காலை 8, பகல் 11, மதியம் 1, மாலை 5, இரவு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்க விடாதீர்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் நீங்கள் எந்தக் கட்டத்திலும் பசியோடு தெருவில் நிற்கக் கூடாது. அதற்குத்தான் இந்த நேரப்பட்டியல்.

காலை உணவைத் தவறவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. குடித்த காலத்தில் காலையில் சாப்பிட்டுப் பழக்கமே இருக்காது, இப்போதும் டீ மட்டும் போதும் என்பார்கள். மதியம் மெஸ்ஸில் அந்தக் கடனெல்லாம் வட்டியோடு சேர்ந்து சோறாக இலையில் விழும். காலையில் இரண்டு முட்டை, அல்லது பொங்கலோடு ஒரு கிண்ணம் சாம்பார், அல்லது பச்சைப்பயறு தோசை. புரதம் இருந்தால் பசி தள்ளிப்போகும்.

மூன்று மாதம் என்பது நான் பழகிய கணக்கு. உங்கள் கல்லீரலையோ சர்க்கரையையோ பார்த்து மருத்துவர் முன்பே குறைக்கச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரம் மாறியதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அளவும் மாற வேண்டியிருக்கலாம்.

5. மாலை ஆறரை மணிக்கு என்ன இருக்கிறது?

வேலை முடிந்து, கைகால் கழுவி, வழக்கமாகக் கிளம்பும் அந்த நேரம் இப்போது காலியாக இருக்கும். காலியான நேரத்தைத் தின்றே நிரப்புவோம். எடையில் பெரும்பகுதி ஏறுவது இங்கேதான், மூன்று வேளைச் சாப்பாட்டில் அல்ல.

குடித்த காலத்து டச்சிங்ஸ் அப்படியே தொடரும். மிக்சர், சில்லி சிக்கன், கலக்கி, பொரித்த கடலை. குடி போய்விட்டது, தட்டு போகவில்லை. நாக்கு காரத்தையும் உப்பையும் எண்ணெயையும் கேட்கிறது, அதே நண்பர்களோடு அதே தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் டம்ளரும் கேட்கும். அதனால் இதை எடைக்காக மட்டும் இல்லாமல் குடிக்காமல் இருப்பதற்காகவே முதலில் மாற்றுங்கள்.

மாலை 5 மணிக்கே ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது வேகவைத்த கடலை, இல்லையென்றால் அவித்த முட்டை. ஆறரைக்கு நடை. நடக்கும் வழியில் மதுக்கடை இருக்கக் கூடாது, கூடவே பஜ்ஜிக் கடையும் இல்லாவிட்டால் நல்லது. வழியை நோட்டில் வரைந்தே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு. பத்து மணிக்குத் திரும்பப் பசித்தால் ஒரு டம்ளர் மோரோ பாலோ குடியுங்கள்.

பீர் போலவே இருக்கும் ஆல்கஹால் இல்லாத பானங்களை இந்த நேரத்துக்கு மாற்றாக வாங்காதீர்கள். அந்த மணமும் கசப்பும் பழைய ஆசையைக் கிளப்பிவிடும். மாவுச்சத்தும் அதில் இருக்கிறது.

6. இனிப்பை வெட்டாதீர்கள், இடம் மாற்றுங்கள்

இதுவரை இனிப்பே தொடாதவர்கூட ஜிலேபிக்கு அலைவார். மது தந்த கிளர்ச்சியை மூளை வேறு எங்காவது தேடுகிறது, சர்க்கரை பக்கத்திலேயே கிடைக்கிறது. முதல் மாதங்களில் ஆசை கிளம்பும்போது ஒரு கடலைமிட்டாய் உங்களைக் கடைக்குப் போகாமல் தடுக்கிறது என்றால் அந்தக் கடலைமிட்டாயைத் தின்னுங்கள். சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர் மட்டும் இதற்கு என்ன மாற்று என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெடுப்பது குடிக்கும் சர்க்கரை. கணக்கைப் பாருங்கள். 42.8 சதவீத மதுவில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, சுமார் 425 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயில் சர்க்கரை மட்டும் 40 கலோரி, பால் தனி. புதிதாக விட்டவர் நாளைக்கு எட்டு டீ குடிப்பது சாதாரணம். அதோடு ஒரு 250 மில்லி கோலா சேர்ந்தால் அதில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை. சர்க்கரையிலேயே 420 கலோரி ஆகிவிட்டது. விட்ட குவார்ட்டர் வேறு டம்ளரில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மதுவின் கலோரியை உடம்பு முழுதாகச் சேமிப்பதில்லை, ஒரு பங்கு வெப்பமாகவே வீணாகிறது. சர்க்கரையின் கலோரி அந்த அளவுக்கு வீணாகாது.

முறை இது. முதல் வாரம் டீயின் எண்ணிக்கையைத் தொடாதீர்கள், ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் குறையுங்கள். கடையில் “சர்க்கரை கம்மி” என்று சொல்லிப் பழகுங்கள். அடுத்த வாரங்களில் இரண்டு டீக்குப் பதில் மோர், சுக்குக் காபி, எலுமிச்சை உப்புத் தண்ணீர். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடியை விட்டவருக்குத் தூக்கம் சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். கூல்டிரிங்க்ஸை மட்டும் முழுதாக நிறுத்துங்கள். பலருக்கு அது குடியோடு கலந்த பானம், வாயில் வைத்தால் நினைவு அங்கேதான் போகும்.

7. மாத்திரைகளைப் பாருங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள்

தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மிர்டாசபின், குயிடியாபின், ஒலான்சபின், வலிப்புக்கும் மனநிலைக்கும் தரப்படும் வால்ப்ரோயேட், நரம்பு எரிச்சலுக்கான பிரிகாபலின் ஆகியவை பசியையும் எடையையும் கூட்டக்கூடியவை. மாத்திரை தொடங்கிய தேதியையும் எடை ஏறத் தொடங்கிய வாரத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்று மருந்து இருக்கும், அளவு மாற்றலாம். தானாக நிறுத்தினால் தூக்கம் போகும், சிலதில் வலிப்பே வரும். அப்புறம் எடை யாருக்கும் கவலையாக இருக்காது.

சிகரெட்டையும் இப்போது விட்டிருந்தால், முதல் ஆண்டில் சராசரியாக 4, 5 கிலோ அதனாலேயே கூடலாம். அதற்காகத் திரும்பப் பற்றவைக்க வேண்டாம்.

8. நடை முதலில், பளு பின்னால்

தொடங்கும் முன் உங்கள் உள்ளங்காலைப் பாருங்கள். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு நரம்பு பாதித்துக் காலில் எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ இருக்கும். கல் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலில் நடக்காதீர்கள். நடந்து வந்ததும் காலைத் துடைத்து, புண் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நடக்கும்போது தொடை இடுக்கில் வலி வந்து நீடித்தால் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுங்கள். நீண்ட நாள் குடியால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது சேதமாவதுண்டு. சதைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து நாள் கடத்துகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் 15 நிமிடம் போதும். வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டி 45-க்கு வாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது. குடி தசையைக் கரைத்திருக்கும். தசை திரும்பினால்தான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு கூடுதலாக எரிக்கும். இந்தக் கட்டத்தில் எடை குறையாமல் இடுப்பளவு மட்டும் குறையலாம். டேப் வாங்கச் சொன்னது இதற்காக.

9. நான்காம் மாதம்: இப்போது தட்டைக் குறைக்கலாம்

ஆசை தணிந்து, தூக்கம் ஓரளவு வந்து, வேளைக்குச் சாப்பிடுவது பழக்கமாகிவிட்டதா? சரி, இப்போது தொடங்கலாம். மூன்றில் ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். முதலில் மதியச் சோற்றில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூட்டோ பொரியலோ வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, இரவு பரோட்டா இருந்தால் அதை இட்லியாகவோ சப்பாத்தியாகவோ மாற்றுங்கள். அடுத்து எண்ணெய்: வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பார்த்து அரை லிட்டர் குறையுங்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள். மீன், முட்டை, பருப்பு, தயிர் ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

மாதம் 2 கிலோ குறைந்தால் மிக நல்ல வேகம். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு நீண்ட பட்டினி தசையைக் கரைக்கும். அவர்களுக்குப் படுக்கும் முன் சிறு தீனியே கொடுக்கச் சொல்கிறது மருத்துவம். எனவே 16 மணி நேர விரதமெல்லாம் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

எடை குறைக்கும் பவுடர், காப்சூல், பெயர் தெரியாத மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். ஆறிவரும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. கார்சினியா, செறிவூட்டிய கிரீன் டீ காப்சூல்கள் கல்லீரலைக் கெடுத்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. ஜீரணத்துக்கு என்று தரப்படும் ஆயுர்வேத அரிஷ்டங்களில் நொதித்தலால் உண்டான ஆல்கஹால் இருக்கும். குடிப்பதைத் தடுக்க டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்கு அதுவே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கவைக்கப் போதும்.

10. வீட்டில் சமைப்பவரிடம் பேசுங்கள்

மகனோ கணவரோ இத்தனை வருடம் கழித்து ஒழுங்காகத் தட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும் வீட்டுக்கு அது பெரிய சந்தோஷம். “இன்னும் ஒரு தோசை வச்சுக்கோப்பா” என்பதில் பயமும் இருக்கிறது, வயிறு நிறைந்தால் வெளியே போகமாட்டான் என்ற கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கு தவறில்லை. அதனால் வேண்டாம் என்று தட்டைத் தள்ளாதீர்கள். அம்மாவிடமோ மனைவியிடமோ உட்கார்ந்து சொல்லுங்கள்: “சாப்பாட்டைக் குறைக்கல, மாத்துறேன். தோசைக்குப் பதிலா முட்டை குடு, சோத்துக்குப் பதிலா கீரை வை.” கொடுக்கும் கைக்கு வேறு எதையாவது கொடுக்கச் சொல்லிவிட்டால் வீட்டில் சண்டை வராது. சண்டைதான் நமக்கு ஆகாதது.

குடும்பத்தாருக்கும் ஒன்று. “குடிச்சப்பவே ஒல்லியா இருந்தே” என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

11. இடையில் ஆசை கிளம்பினால்

தட்டைக் குறைத்த வாரத்தில் எரிச்சல் கூடுகிறது, பழைய தெரு நினைவுக்கு வருகிறது, இரவில் கனவில் குடிக்கிறீர்கள் என்றால் அன்றே குறைப்பதை நிறுத்துங்கள். 4-ஆம் படிக்குத் திரும்பி வேளைக்கு வயிறாரச் சாப்பிடுங்கள். யாரிடம் பேசிக்கொண்டிருந்தீர்களோ, ஆலோசகரோ, மருத்துவரோ, உங்களைப் போல விட்ட ஒரு நண்பரோ, அவரை அழையுங்கள். இரண்டு வாரம் அமைதியாகப் போன பிறகு, கடைசியாகச் செய்த மாற்றத்தில் பாதியை மட்டும் எடுத்துத் திரும்பத் தொடங்குங்கள். ஒரு கரண்டி சோற்றை எடுத்திருந்தால் இப்போது அரைக் கரண்டி.